நூடுல்ஸில் இரண்டு ஸ்பூன் மருந்து

1

மதியம் ஒன்று நாற்பதுக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. நானும் அண்ணனும் அப்போது உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்தில், வாரிசுச் சான்றிதழ் மனுவோடு நின்றிருந்தோம். அப்பா இறந்து ஒரு வருடம் முடிந்ததற்குத் திதி கொடுக்க, நெதர்லாந்திலிருந்து நானும் என் பதினான்கு வயது மகள் கயல்விழியும் எங்கள் ஊரான பெருநகர் கிராமத்துக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மனுவில் காலியாக இருந்த ஒரு கட்டத்தைக் காட்டி, “நிரந்தர முகவரி எது சார்?” என்று கேட்டார். இருபது வருடமாக வெளிநாட்டில் இருப்பவனுக்கு அது எளிய கேள்வி அல்ல. யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

“தம்பி, எங்க கீற? கயலு மருந்து சாப்டுச்சாம்பா! வாந்தி எடுத்துகினு கீது. ஆம்புலன்சுல ஏத்திட்டோம், உத்திரமேரூருக்குத்தான் வரோம். ஓடியா, ஓடியா.”

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்கு விழுங்குவது மாத்திரை. இருமலுக்குக் குடிப்பது டானிக். மருந்து என்றால் வயலுக்கு அடிப்பது. ஒருவர் மருந்து சாப்பிட்டார் என்று ஊரில் குரல் கேட்டால், எந்த நோய்க்கு என்று யாரும் கேட்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

ஆனால் நெதர்லாந்தில், நான், என் மனைவி, மகள் என்று மூன்று பேர் மட்டும் இருக்கும் எங்கள் வீட்டில், அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். அங்கே மருந்து என்றால் முருங்கைக்கீரைப் பொடி. நூடுல்ஸில் போடுவது. அந்த அர்த்தத்தை உண்டாக்கியவன் நான்.

அன்று பெருநகர் வீட்டில் இரண்டு மருந்தும் இருந்தன. என் மகள் எதைச் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது.

2

நூடுல்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் குற்றவாளிக் கூண்டில் எல்லோரும் முதலில் ஏற்றியது அதைத்தான்.

என் மனைவி வளர்மதி முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர். வாரத்தில் நான்கு நாள் மாலை ஷிஃப்ட். நான் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் நீர் பாய்ச்சும் கருவிகளைப் பழுது பார்ப்பவன். அதனால் மாலைச் சமையல் என்னுடையது. நான் பிறந்த வீட்டில் ஆண்கள் அடுப்பங்கரைக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே போவார்கள். வெங்காயம் நறுக்கவே இணையத்தைப் பார்த்துக் கற்றவன் நான்.

கயலுக்கு ஆறு வயதில் இரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு என்று தெரிந்தது. பள்ளிக்கு எடுத்துப்போகும் ரொட்டியும் சீஸும் பாதி திரும்பி வந்துவிடும். சோறு வேண்டாம், தோசை வேண்டாம், கீரையைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வாள். கேட்டது ஒன்றுதான், பாக்கெட் நூடுல்ஸ். இரும்புச் சத்து டானிக்கைக் கொடுத்தால் துப்பிவிடுவாள். அங்குள்ள மருத்துவர் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதில் சிரித்த முகத்தோடு ஒரு குழந்தை பசலைக்கீரையை முள்கரண்டியில் குத்தி வைத்திருந்தது. அந்தக் குழந்தையை நான் எங்கும் நேரில் பார்த்ததில்லை.

அவள் நூடுல்ஸை விடமாட்டாள் என்றால், நூடுல்ஸை நான் விடமாட்டேன் என்று முடிவெடுத்தேன். அதையே சாப்பாடாக்கிவிடுவது.

எட்டு வருடத்தில் என் செய்முறை இப்படி வந்து நின்றிருக்கிறது. நூடுல்ஸைத் தனியாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். நல்லெண்ணெயில் வெங்காயம், கேரட், பீன்ஸ், பட்டாணி எது இருக்கிறதோ அது. முந்தின நாளே முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு கைப்பிடி. ஒரு முட்டையை உடைத்துக் கிளறி, அதன் மேல் நூடுல்ஸ். பாக்கெட்டோடு வரும் மசாலாவில் பாதிதான் போடுவேன். அதில் இருக்கும் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தவன் மீதிப் பாதியைக் குப்பையில் போடத் தயங்கமாட்டான். தனியாக உப்பு கிடையாது. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு சின்ன ஸ்பூன் முருங்கைக்கீரைப் பொடி. அடுப்பு எரியும்போது போட்டால் கசக்கும்.

பொடி அண்ணி அனுப்புவது. பெருநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையில் உருவி, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, யாராவது வருகிறார்கள் என்றால் கொடுத்தனுப்புவார்.

முதல் நாள் பச்சையாகப் பொடி தூவிய நூடுல்ஸைப் பார்த்துக் கயல் அழுதாள். அப்போது அவளுக்கு அம்மாவைப்போல நர்ஸ் விளையாட்டு விளையாடுவதில் பைத்தியம். பொம்மைகளை வரிசையாகப் படுக்கவைத்து வேளை தவறாமல் மருந்து கொடுப்பாள். அதைப் பிடித்துக்கொண்டேன். “இது கீரை இல்லடா, மருந்து. நர்ஸ் அம்மா நேரத்துக்கு மருந்து சாப்பிடணும் இல்ல?” கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் அது மருந்து. “அப்பா, மருந்து போட்டாச்சா?” என்று கூடத்திலிருந்து கேட்பாள். “ரெண்டு ஸ்பூன் போட்டாச்சு” என்பேன்.

இந்தச் சொல் ஏற்கெனவே ஒருமுறை வம்பை இழுத்திருக்கிறது. அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது மதியச் சாப்பாட்டு டப்பாவில் என்ன பச்சை என்று ஆசிரியை கேட்க, மருந்து என்பதை அவள் டச்சு மொழியில் அப்படியே பெயர்த்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் வீட்டுக்குப் படிவம் வந்தது, பள்ளி நேரத்தில் மருந்து உட்கொள்ளும் மாணவர்களுக்கானது. வளர்மதி தலையில் அடித்துக்கொண்டாள். “கீரைன்னே சொல்லித் தொலைங்களேன்” என்றாள். நான் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். மருந்தின் பெயர், முருங்கை. அளவு, இரண்டு ஸ்பூன். பக்க விளைவுகள், பல்லில் ஒட்டிக்கொள்ளும். பள்ளி அதை ஏற்று ஒரு எண் கொடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றே அந்தச் சொல்லை விட்டிருக்க வேண்டும் என்று பிறகு பல பேர் சொன்னார்கள்.

3

பெருநகரில் அந்தப் பத்து நாளில் எங்கள் நூடுல்ஸைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் இல்லை. பெட்டியில் ஆறு பாக்கெட்டும் ஒரு டப்பா பொடியும் கொண்டுவந்திருந்தேன். பொடி டப்பாவைப் பார்த்து அண்ணி சிரித்த சிரிப்பு அடங்கவே வெகுநேரமாயிற்று. “நான் குடுத்தனுப்பினத எனக்கே தூக்கினு வந்துகீறியே தம்பி!” என்றார்.

மற்றவர்கள் அப்படிச் சிரிக்கவில்லை. பந்தலில் சாப்பிட உட்கார்ந்த மாமா ஒருவர், “அது மாவு இல்லபா, மெழுகு. வயித்துல போயி அப்டியே சுருண்டுக்கும்” என்றார். அவர் வாயில் புகையிலை இருந்தது. இன்னொருவர், பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பினால் பிள்ளை பாக்கெட்டில்தான் வளரும் என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். அவருடைய மகள்தான் சென்னையில் இரண்டு ஷிஃப்ட் பார்த்து அவர் வீட்டுக்கு மாடி எடுத்திருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் அதையே சொல்லப் போகிறீர்கள் என்றால், என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நூடுல்ஸ் உத்தமமான உணவு என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது கைக்குக் கிடைத்த சாப்பாடு. குளிர்காலத்தில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் ஊரில், ஒரு குழந்தை வாயைத் திறந்து வாங்கிக்கொண்ட ஒரே சாப்பாடு. அதற்குள் கேரட்டையும் பயறையும் முட்டையையும் எங்கள் கொல்லை முருங்கையையும் நான் நுழைத்தேன். ஒன்றரை வருடத்தில் அவள் இரத்தம் சரியாயிற்று என்று அதே மருத்துவர் சொன்னார். இலை போட்டு ஏழு வகை பரிமாறத் தெரிந்தவர்கள் பரிமாறுங்கள். என்னைக் கூனிக் குறுகி நிற்கச் சொல்லாதீர்கள்.

இப்படி எழுத எனக்கு இப்போது வாய் வருகிறது. அன்று காலை வரவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

4

அன்று காலை நாஷ்டாவுக்கு இட்லியும் முந்தின நாள் படையலில் மிஞ்சிய வடையும் வைத்திருந்தார்கள். கயல் வாயில் வைக்கவில்லை. தானே நூடுல்ஸ் செய்துகொள்ளலாமா என்று என்னிடம் கேட்டாள். அண்ணன் கேட்டுவிட்டார்.

“தோ பாரும்மா, நேத்துதான் தாத்தாவுக்குப் படையல் போட்டோம். ஊடே மணக்குது. நீ இன்னான்னா புழுவத் துன்றேன்ற?”

“பெரியப்பா, அது புழு இல்ல. அப்பா செய்றது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “இன்னா நைனா, இப்டி வளத்து வச்சிகீற? நாலு பேரு வந்து போற வூடு. கொயந்தைக்கு வூட்ல சோறு போடலியான்னு கேக்கறாங்க.”

அண்ணனை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அவர். நான் வீடியோவில் பார்த்தவன். அந்தக் கணக்கில் நான் எப்போதும் கீழே. அதனால் எழுந்து போய், மிச்சமிருந்த நூடுல்ஸ் பாக்கெட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, அடுப்பங்கரைப் பரணில் எறிந்தேன். “இங்க இருக்கிற வரைக்கும் இது கிடையாது. ஒரு நாளாவது எல்லாரோடும் உக்காந்து சாப்பிடு. உன்னால எனக்கு எத்தனை பேச்சு!” என்றேன். கத்தினேன் என்பதுதான் உண்மை. அவள் கையிலிருந்த போனையும் வாங்கிக்கொண்டேன்.

கயல் டச்சு மொழியில், எனக்கு மட்டும் புரியும்படி, ஒன்று சொன்னாள். நீங்கள் சமைத்ததற்கு நீங்களே வெட்கப்படுகிறீர்கள் என்பது அதன் பொருள்.

அந்த நேரம் வாசலுக்கு எஸ்தர் வந்தார். அண்ணனின் நிலத்தில் வருடக்கணக்காக வேலை செய்பவர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவரைக் கயல் வந்த முதல் நாளிலிருந்தே எஸ்தர் அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சொல்லவில்லை. எஸ்தருக்கு எங்கள் வீட்டில் தனித் தட்டு ஒன்று உண்டு. மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும். அத்தையின் தட்டு மட்டும் ஏன் வெளியே இருக்கிறது என்று கயல் இரண்டாம் நாளே என்னைக் கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன். இத்தனை வருடம் நானும் அண்ணனிடம் அதைக் கேட்டதில்லை.

அண்ணன் எஸ்தரிடம் சொன்னார்: “மருந்து வாங்கியாந்துட்டேன். கொட்டாய்ல வச்சிகீறேன். சாயங்காலம் வெயிலு தாழ அடிச்சிடலாம்.”

சொர்ணவாரி நெல் கதிர் விடும் நேரம். வயலில் பூச்சி விழுந்திருந்தது. அண்ணன் சொன்னதைக் கயலும் கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வண்டியை எடுத்தபோது அவள் தலை நிமிரவில்லை.

5

நாங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிப் போய்க் காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் வந்தது. கயலின் முகம் வெளுத்து, தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போக, அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்.

“ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், தண்ணித் தொட்டியாண்ட குந்திகினு வாந்தி எடுத்துகினு கீது. இன்னாமா சாப்டன்னேன். மருந்துன்றா. எவ்ளோடின்னேன். ரெண்டு ஸ்பூனு பெரிம்மான்றா. ஏண்டி கண்ணுன்னா, அப்பாவுக்காகத்தான்றா தம்பி! அப்பாவுக்காகன்றா!”

“கொட்டாய்க்குக் கதவு கூட இல்லியே” என்று அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டர் இளம் பெண். என்னை விட நிதானமாக இருந்தார். கயலின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், வாயருகே குனிந்து முகர்ந்தார். சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

“எந்த மருந்து? பாட்டில் எங்க?”

பதற்றத்தில் யாரும் எதையும் எடுத்து வரவில்லை.

“டாக்டர், அது முருங்கைக்கீரைப் பொடியா இருக்கும். எங்க வீட்ல அதைத்தான் மருந்துன்னு சொல்வோம்.”

“இருக்குமா, இல்ல அதுதானா? நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல.”

“காலைல வீட்ல ஏதாவது சண்டையா?”

“சண்டைலாம் இல்லீங்கம்மா, சும்மா பேச்சுதான்” என்றார் அண்ணன்.

“சண்டைதான்” என்றேன் நான்.

டாக்டர் தலையாட்டினார். “இப்போதைக்கு நல்லாதான் இருக்கா. வெயில்லயும் இப்படி வாந்தி வரும். ஆனா சில மருந்து மெதுவாத்தான் வேலை காட்டும். பாட்டிலப் பாக்காம நான் எதையும் நம்ப மாட்டேன். அவ சாப்பிட்டது மிச்சமிருந்தா அதையும் கொண்டுவரச் சொல்லுங்க.”

அண்ணன் எஸ்தருக்குப் போன் போட்டார். வயலின் கடைக்கோடியில் இருந்தவரிடம், கொட்டாயில் இருக்கும் மருந்து பாட்டிலையும் அடுப்பங்கரையில் கயல் சாப்பிட்ட சட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னார். எஸ்தர், “ஐயோ, கொயந்தைக்கா?” என்றது மட்டும் கேட்டது. பிறகு எத்தனை முறை அடித்தாலும் போனை எடுக்கவில்லை. வரப்பிலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் வரும்வரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

6

கயலின் கட்டிலருகே போய் நின்றேன். வயிற்றைச் சுத்தம் செய்யும் குழாய் ஒன்று பக்கத்துத் தட்டில் தயாராக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் குனிந்து மெல்லக் கேட்டார்.

“பாப்பா, யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. என்கிட்ட உண்மையச் சொல்லு. எந்த மருந்து?”

“நம்ம மருந்து” என்றாள் கயல், என்னைப் பார்த்து.

பின்னால் நின்ற அண்ணன், “நம்மதுன்னா? நம்ம வயலுக்கு வாங்கினதா?” என்றார்.

“இல்ல பெரியப்பா! பச்சைப் பொடி. நான் நூடுல்ஸ் செஞ்சேன். அப்பா மாதிரியே. தண்ணி கொட்டி, கேரட் போட்டு, முட்டை போட்டு. பரண்ல ஏறி எடுத்தேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வச்சேன். சாப்பிட்டுப் பாத்தா வெட்கம் போயிடும்னு. எஸ்தர் அத்தையையும் கூப்பிட வயலுக்குப் போனேன், காணல, வெயில். வந்து வேகமா சாப்ட்டேன். வாந்தி வந்துச்சு. அவ்வளவுதான்.”

தெளிவாகத்தான் சொன்னாள். இப்போது எழுதும்போது எல்லாம் கண்ணாடி போல இருக்கிறது. ஆனால் டாக்டர் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “மருந்து சாப்ட்டவங்க இல்லன்னு சொல்றதும் உண்டு சார். பயத்துல” என்றார். என் மனம் அதைப் பிடித்துக்கொண்டது. பதினான்கு வயது. ஒரு வருடமாக அறைக் கதவை மூடியே வைத்திருப்பவள். கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்பவள். அவளுடைய தோழிகளின் பெயர்கூட எனக்கு முழுதாகத் தெரியாது. காலையில் நான் கத்தியபோது அவள் கண்ணில் இருந்தது என்ன?

“அப்பா, நீங்க நம்பலையா?”

நான் சலைன் குழாயைப் பார்த்தேன். ஒரு சொட்டு. இன்னொன்று. மூன்றாவது விழுந்த பிறகுதான், “நம்புறேன்டா” என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று சொட்டு என்பது எவ்வளவு நேரம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

வேறு மொழிக்குள் போய்விடும் பிள்ளைகளைப் பற்றி வெளிநாட்டில் வாழும் நாங்கள் எல்லோரும் புலம்புகிறோம். தமிழ் வரவில்லை, தமிழ் வரவில்லை என்கிறோம். அன்று என் மகள் பேசியது என்னுடைய தமிழ். நான் எங்கள் அடுப்பங்கரையில் உண்டாக்கிக் கொடுத்த தமிழ். அதில் ஒரு பிழையும் இல்லை. அதைக் கேட்டும் புரியாதவன்போல நின்றவன் நான்தான்.

அப்போது பதிவேட்டோடு ஒருவர் வந்தார். விஷம் அருந்தியதாகக் கொண்டுவரப்பட்டவர் என்று எழுதி, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தகவல் காவல் நிலையத்துக்கும் போகும், அதுதான் முறை என்றார். அவர் மேல் தப்பில்லை. வாசலில் அண்ணி சொன்னதை அவர் எழுதியிருக்கிறார்.

“இதை மாத்துங்க” என்றேன்.

“இன்னான்னு சார் மாத்தறது?”

“முருங்கைக்கீரைப் பொடி போட்ட நூடுல்ஸ் சாப்பிட்டு வாந்தின்னு.”

“அப்டிலாம் எழுத முடியாது சார்.”

“பிள்ளை அப்படித்தான் சொல்றா. அவ சொன்னதை எழுதுங்க.”

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏண்டா பேஜார் பண்ற? அவரு பாட்டுக்கு எழுதிகினு போறாரு. போட்டுட்டு வா கையெழுத்த.”

வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் கையை விலக்கினேன். “போட மாட்டேன்ணா. வந்த நாள்லேர்ந்து நீங்க எல்லாரும் நூடுல்ஸ் விஷம்னீங்க, நான் வாய மூடிகினு இருந்தேன். இப்ப ஏட்டுலயே விஷம்னு எழுதி என்கிட்ட கையெழுத்து கேக்கறாங்க. என் பொண்ணு சமைச்சதுக்கு நான் அப்படிக் கையெழுத்து போட மாட்டேன். பாட்டில் வரட்டும்.”

என் வாயிலிருந்து ‘மூடிகினு’ வந்ததை நானே கேட்டேன். இருபது வருடத்தில் அந்தப் பேச்சு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அண்ணன் போய் வாசலில் நின்றுகொண்டார். பதிவேட்டுக்காரர் டாக்டரைப் பார்த்தார். “பாட்டில் வரட்டும். அதுவரைக்கும் குழாயும் வேணாம், பேனாவும் வேணாம்” என்றார் டாக்டர்.

கட்டில் பக்கம் திரும்பினேன். கயல் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண்ணை மூடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

வளர்மதிக்கு நான் அதுவரை போன் செய்யவில்லை. என்ன சொல்வது? அன்று அவளுக்குக் காலை ஷிஃப்ட். அங்கே அவள் யாருக்கோ சரியான நேரத்தில் சரியான மருந்து கொடுத்துக்கொண்டிருப்பாள்.

7

மூன்று மணிக்குச் சற்று முன்னால் எஸ்தர் வந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வயல் சேறு காய்ந்த காலோடு, ஒரு கையில் எங்கள் அடுப்பங்கரைச் சட்டியும் மறு கையில் மஞ்சள் பையுமாக நேராக உள்ளே நடந்தார். யாரோ செருப்பைப் பற்றி ஏதோ சொன்னார்கள். அவர் காலில் செருப்பே இல்லை.

பையிலிருந்து பாட்டிலை எடுத்து டாக்டரின் மேசையில் வைத்தார். “தோ பாரும்மா. சீலு ஒடையல. மூடி திருவல. கட கவருகூட பிரிக்காம கெடந்துச்சு.”

டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியை அழுத்திப் பார்த்தார். பிறகு குழாய் இருந்த தட்டை நகர்த்தி வைக்கும்படி நர்ஸிடம் கண்ணைக் காட்டினார். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“சட்டி?” என்றார் டாக்டர்.

எஸ்தர் மூடியைத் திறந்து காட்டினார். சட்டி காலி. ஓரத்தில் பச்சையாகக் கொஞ்சம் பொடியும் ஒரு பட்டாணியும் ஒட்டியிருந்தன.

“ஒண்ணும் இல்லையே இதுல? மிச்சத்தக் கொண்டாரச் சொன்னேனே.”

“இருந்துச்சும்மா, நெறையவே இருந்துச்சு. மூணு பேரு பங்கு. எனக்கும் எடுத்து வச்சிருக்குது கொயந்த. பாட்டிலு சீலப் பாத்தேன், ஒடையல. அப்பால சட்டியத் தொறந்து மோந்து பாத்தேன், நம்ம கொல்ல முருங்க வாசன. அப்டியே ஆட்டோவுல வரசொல்லோ மொத்தத்தையும் துன்னுட்டேன். நான் வந்து சொன்னா நம்புவீங்களோ இன்னாவோ. வயித்துல போட்டுகினு வந்தா நம்பித்தான ஆவணும்? அரமணி நேரம் ஆவுது, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன் பாரு.”

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைப் பக்கம் குனிந்துகொண்டார். அண்ணி மட்டும் எங்கள் வீட்டுச் சட்டியையும் எஸ்தரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

எஸ்தர் அதைக் கவனித்தார். “தட்டு எடுக்க நேரமில்லக்கா. சட்டியிலயே கைய வுட்டுட்டேன்” என்றார். குரலில் மன்னிப்பு எதுவும் இல்லை.

பிறகு கட்டிலருகே போய்க் கயலின் நெற்றி முடியை ஒதுக்கினார். கயல் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, முதலில் அவரையும் பிறகு என்னையும் பார்த்தாள். எஸ்தரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பொண்ணுக்குக் கை நல்லாத்தான் கீது, சின்னவரே. உப்புதான் பத்தல.”